டிராக் ரேஸுக்குப் போகும் வீட்டுக் கார்: டயர், ரிம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மிச்சிகனில் பனி உருகியதும் என் வார இறுதிகளில் பாதி மைலன் டிராக்வே என்ற பந்தயத் தடத்தில்தான் கழியும். என்னிடம் இருப்பது 1990 மஸ்டாங், 5 லிட்டர், வி8, மேனுவல் கியர். டெட்ராய்ட்டைச் சுற்றியுள்ள கார் நிறுவனங்களில் வேலை பார்க்கும் தமிழர்கள் ஏராளம். அவர்களில் சிலர் மஸ்டாங்கோ கமாரோவோ வாங்கியதும் முதலில் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். பத்தில் எட்டு கேள்விகள் டயரைப் பற்றியே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொன்னதையே சொல்வதைவிட எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே கொடுத்திருக்கிறேன். இங்கே சொல்வதெல்லாம் முறையான பந்தயத் தடத்தில் கால் மைல், அதாவது 1,320 அடி, நேராக ஓடும் பந்தயத்துக்கு மட்டும். ஊர்ச் சாலையில் போட்டி போடுகிறவர்களுக்கு நான் எதுவும் சொல்வதில்லை.

அலுவலகத்துக்கு ஓட்டிப்போகும் காரை அப்படியே கொண்டுபோய் ஓட்டலாமா, டயர் மாற்றியே ஆக வேண்டுமா?

தாராளமாக ஓட்டலாம். முதல் இரண்டு மூன்று தடவை சாதாரண டயரிலேயே ஓட்டுங்கள் என்றுதான் நான் சொல்வேன். வரிசையில் நிற்பது, விளக்கைப் பார்ப்பது, கோட்டில் சக்கரத்தை நிறுத்துவது எல்லாம் புதிதாக இருக்கும்போது டயர் நன்றாகப் பிடிக்கிறதா என்று கவனிக்க மனம் இடம் கொடுக்காது. நூல் தெரியும் அளவுக்குத் தேய்ந்த டயர், சக்கரத்தை மறைக்கும் மூடி, தளர்ந்த நட்டு இவை இருந்தால் ஓட்டத்துக்கு முன் நடக்கும் சோதனையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மூடியை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

ஓடி முடித்ததும் ஒரு நேரச் சீட்டு தருவார்கள். எல்லாரும் அதன் அடியில் இருக்கும் மொத்த நேரத்தைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் ‘60 அடி’ என்ற வரியைப் பாருங்கள். கார் முதல் 60 அடியைக் கடக்க எடுத்துக்கொண்ட நேரம் அது. டயரின் யோக்கியதை அந்த வரியில்தான் எழுதியிருக்கும்.

டயருக்கு எதற்கு அவ்வளவு பணம்? அதை எஞ்சினில் போட்டால் இன்னும் வேகமாகப் போகாதா?

என் கார் சாதாரண டயரில் முதல் 60 அடிக்கு 2.2 நொடி எடுத்துக்கொண்டது. எஞ்சினில் ஒரு திருகைக்கூடத் தொடாமல், பின் டயர் இரண்டை மட்டும் மாற்றிப் பழகிய பிறகு அது 1.8 நொடிக்குள் வந்தது. தொடக்கத்தில் பத்தில் ஒரு நொடி மிச்சம் பிடித்தால் கால் மைல் முடிவில் அது ஏறக்குறைய ஒன்றரை மடங்காகக் கிடைக்கும் என்பது தடத்தில் எல்லாரும் வைத்திருக்கும் கணக்கு. என் அனுபவமும் அதை ஒட்டியே இருக்கிறது.

தரையில் வழுக்கிக்கொண்டிருக்கும் சக்கரத்துக்கு இன்னும் 50 குதிரைத்திறன் கொடுத்தால் அது இன்னும் நன்றாக வழுக்கும், அவ்வளவுதான். முதலில் டயர், பிறகு எஞ்சின். இந்த ஒரு விஷயத்தில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை.

டிராக் ரேடியல், ஸ்லிக் என்கிறார்களே, இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ஸ்லிக் என்பது வரிப்பள்ளமே இல்லாத மொட்டை டயர். சாலையில் ஓட்டச் சட்டப்படி அனுமதி கிடையாது. பழைய வகை ஸ்லிக்குகளில் நூல் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காகப் போகும். பக்கச்சுவர் மிக மென்மையாக இருக்கும். புறப்படும் கணத்தில் தரையோடு குனிந்து பாருங்கள்: ரிம் முதலில் திரும்புகிறது, ரப்பர் பின்தங்குகிறது, பக்கச்சுவரில் புடவைக் கொசுவம்போல் மடிப்புகள் விழுகின்றன. எஞ்சினின் அடியை அந்த மடிப்புகள் வாங்கிக்கொண்டு, சற்றே தாமதித்துத் தரைக்குக் கொடுக்கின்றன.

ரேடியல் என்றால் நூல்கள் குறுக்காகப் பின்னாமல், ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகப் போகும் டயர். டிராக் ரேடியல் பார்வைக்குச் சாலை டயர்போல இருக்கும். சில பள்ளங்கள் உண்டு. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் டி.ஓ.டி. முத்திரையும் உண்டு. ஆனால் ரப்பர் மிக மென்மையானது. விரல் நகத்தை அழுத்தினால் தடம் பதியும். மிக்கி தாம்சன், ஹூஸியர், நிட்டோ, எம் அண்டு எச் ஆகியோர் செய்யும் டயர்களைத்தான் தடத்தில் அதிகம் பார்க்கிறேன். காரைத் தடத்துக்கு ஓட்டிப்போய் அதே டயரில் பந்தயமும் ஓடி, அதே டயரில் வீடு திரும்ப நினைப்பவர்களுக்கு இதுதான் வழி.

என்னுடையது மேனுவல் கியர். நான் எதை வாங்குவது?

ரேடியல் கோபக்காரன். பிடித்தால் அப்படியே பிடிக்கும். ஒருமுறை வழுக்க ஆரம்பித்துவிட்டால் பெடலிலிருந்து காலை எடுக்காமல் திரும்பப் பிடிக்காது. ஸ்லிக் கொஞ்சம் வழுக்கினாலும் தானாகச் சமாளித்துக்கொள்ளும். மேனுவல் காரில் கிளட்சை விடும்போது சுத்தியலால் அடித்ததுபோல் ஓர் அதிர்ச்சி பின்சக்கரத்துக்குப் போகிறது. மேலே சொன்ன பக்கச்சுவர் மடிப்பு அதை உள்வாங்கிக்கொள்ளும். அதனால் தனியாக ஒரு ஜோடி ரிம்மில் ஸ்லிக் மாட்டி, காரில் எடுத்துப்போய்த் தடத்தில் மாற்றிக்கொள்ள முடியும் என்றால், மேனுவல் காருக்கு அதுவே நல்லது.

ஆட்டோமேட்டிக் காரில் சக்தி வழுவழுவென்று வருகிறது. அதற்கு டிராக் ரேடியலே போதும். உருளும்போது ரேடியலுக்குத் தடை குறைவு, ஆகவே கடைசிக் கோட்டில் வேகமும் சற்று அதிகமாகவே காட்டும்.

அண்ணா, என் காரின் 19 அங்குல ரிம்தான் அதன் அழகே. எல்லாரும் ஏன் 15 அங்குலத்துக்கு இறங்குகிறார்கள்?

ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்பதுதான் இங்கே கேள்வி, தம்பி. 275/60ஆர்15 என்ற டயரைப் பாருங்கள். அகலம் 275 மில்லிமீட்டர். பக்கச்சுவர் அதில் 60 விழுக்காடு, அதாவது 165 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட முக்கால் சாண் ரப்பர். உங்கள் 275/40ஆர்19 டயரில் அது 110 மில்லிமீட்டர்தான். வளைவில் கார் சாயாமல் இருக்க விறைப்பான, குட்டையான பக்கச்சுவர் நல்லது. நேர்கோட்டில் புறப்படும்போது அதே விறைப்பு எதிரியாகிவிடுகிறது.

எடையும் ஒரு காரணம். பெரிய ரிம்மில் உலோகம் மையத்திலிருந்து தள்ளி இருக்கிறது. அதைச் சுழற்றவே எஞ்சின் உழைக்க வேண்டும். தடத்துக்கென்று இருக்கும் 15 அங்குல அலுமினிய ரிம் கையில் தூக்கினாலே வித்தியாசம் தெரியும்.

15 அங்குல ரிம் வாங்கிவிட்டேன், பிரேக்கில் இடிக்கிறது. என்ன செய்வது?

இதை வாங்குவதற்கு முன்னால் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் பழைய மஸ்டாங்கில் பின்னால் டிரம் பிரேக், முன்னால் சிறிய டிஸ்க். தொழிற்சாலையிலிருந்து வந்ததே 15 அங்குல ரிம்தான். 2015-க்குப் பிறகு வந்த மஸ்டாங்கின் பிரேக் பெரியது. அதில் 15 அங்குல ரிம் மாட்ட, பின் பிரேக்கையே சிறியதாக மாற்றும் உபகரணத் தொகுப்பு வாங்க வேண்டும். தினமும் ஓட்டும் காரில் பிரேக்கைச் சிறிதாக்க எனக்கு மனம் வராது. அப்படிப்பட்ட காருக்கு 17 அல்லது 18 அங்குல ரிம்மில் கிடைக்கும் டிராக் ரேடியலே போதும். பக்கச்சுவர் சற்றுக் குறைந்தாலும் பிரேக் முழுசாக இருக்கும்.

எவ்வளவு அகலமான டயர் உள்ளே போகும்? கண்ணால் பார்த்தால் இடம் நிறைய இருக்கிறதே?

கண்ணை நம்பாதீர்கள். காரைத் தூக்கி நிறுத்தினால் சக்கரம் தொங்குகிறது; அப்போது தெரியும் இடம் பொய். சக்கரம் தரையில் இருக்கும்போது, காரின் எடை ஸ்பிரிங்கில் இறங்கியிருக்கும்போது அளக்க வேண்டும். உள்பக்கம் சட்டம், ஷாக் அப்சார்பர், பிரேக் குழாய். வெளிப்பக்கம் மட்கார்டின் மடிப்பு. இரண்டு பக்கமும் அரை அங்குலமாவது மிச்சம் இருக்கட்டும். நான் குழந்தைகள் விளையாடும் களிமண்ணைச் சிறு உருண்டைகளாக உருட்டி மட்கார்டின் உள்ளே ஒட்டிவைத்து, மேடு பள்ளமான தெருவில் மெதுவாக ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருவேன். நசுங்கிய உருண்டை எந்த இடத்தில் உரசும் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

என் மாதிரி காரில் 275/50ஆர்15 பெரிய வேலை இல்லாமல் உட்காரும். பின்பக்கம் ஆக்சிலோடு படுத்திருக்கும் கூடுதல் ஷாக்குகள் மட்டும் உள்பக்கம் நெருக்கும். 275/60 வேண்டுமென்றால் மட்கார்டு மடிப்பைத் தட்டி மடக்க வேண்டியிருக்கும்.

ஆஃப்செட் என்கிறார்கள், பேக்ஸ்பேசிங் என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

ஒன்றையே இரண்டு இடத்திலிருந்து அளப்பது. ரிம்மைக் குப்புறக் கவிழ்த்து, உள் விளிம்பின்மேல் ஒரு நேர் கட்டையை வையுங்கள். கட்டையிலிருந்து, நட்டு முடுக்கும் தட்டையான முகம் வரை உள்ள ஆழம்தான் பேக்ஸ்பேசிங். ஆஃப்செட் என்பது அந்த முகம் ரிம்மின் நட்டநடுவிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது.

8 அங்குல ரிம் என்றால் டயர் உட்காரும் இடம் 8 அங்குலம். விளிம்புகளையும் சேர்த்தால் மொத்தம் ஏறக்குறைய 9. நடு என்பது 4.5. பேக்ஸ்பேசிங் 5.5 என்றால் ஆஃப்செட் ஓர் அங்குலம், அதாவது கூட்டல் 25 மில்லிமீட்டர். அந்த ஓர் அங்குல விளிம்பை மறந்துபோய்க் கணக்குப் போட்டு, தவறான ரிம் வாங்கியவர்கள் மூன்று பேரை எனக்குத் தெரியும். போல்ட் வட்டத்தையும், அதாவது போல்ட்டுகள் அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டத்தையும், பாருங்கள். என் மஸ்டாங்குக்கு நான்கு போல்ட், 108 மில்லிமீட்டர் வட்டம். 1994-க்குப் பிந்தைய மஸ்டாங்குக்கு ஐந்து போல்ட், 114.3.

உயரமான டயர் போட்டால் கார் மந்தமாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 275/50ஆர்15 டயரின் உயரம் 25.8 அங்குலம், 275/60ஆர்15 டயரின் உயரம் 28. பின் ஆக்சிலில் 3.73 பல்விகிதம் (சக்கரம் ஒருமுறை சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு 3.73 முறை சுற்றும்) வைத்திருப்பவர் 28-க்கு மாறினால் கார் 3.44 வைத்ததுபோல் நடந்துகொள்ளும். மைல் வேகத்தைப் பல்விகிதத்தால் பெருக்கி, 336-ஆல் பெருக்கி, டயர் உயரத்தால் வகுத்தால், நேர் கியரில் (கியர்பாக்ஸ் ஒன்றுக்கு ஒன்று சுற்றும் கியர்) எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்பது கிடைக்கும். மணிக்கு 110 மைலில் முதல் டயருக்கு 5,340 சுற்று, இரண்டாவதற்கு 4,920.

எது நல்லது என்பது உங்கள் எஞ்சின் எங்கே மூச்சுவிடுகிறது என்பதைப் பொறுத்தது. கோட்டைக் கடக்கும்போது எஞ்சின் தன் அதிகபட்ச சக்தி தரும் சுற்றைச் சற்றே தாண்டியிருப்பதுபோல டயரையும் பல்விகிதத்தையும் சேர்த்தே தேர்ந்தெடுங்கள்.

காற்று எவ்வளவு வைக்க வேண்டும்? ஒரே எண் சொல்லுங்கள்.

ஒரே எண் கிடையாது. ஆரம்பிக்க ஓர் இடம் சொல்கிறேன். டிராக் ரேடியலுக்கு 18 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற காற்றழுத்த அளவு), மென்மையான ஸ்லிக்குக்கு 12 அல்லது 13. கார் கனமாக இருந்தால் ஓரிரண்டு கூட. அங்கிருந்து ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஒரு பி.எஸ்.ஐ. மட்டும் மாற்றி, அந்த 60 அடி வரியைக் குறித்துக்கொள்ளுங்கள். வேறு எதையும் அன்றைக்கு மாற்றாதீர்கள். பெட்ரோல் பங்கில் இருக்கும் அளவுமானி இதற்கு உதவாது, கால் பி.எஸ்.ஐ. காட்டும் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

டயர் விட்டுச்சென்ற கறுப்புத் தடமும் பேசும். அகலம் முழுக்க ஒரே கறுப்பு என்றால் சரி. ஓரங்கள் கறுத்து நடு வெளிறியிருந்தால் காற்று குறைவு. நடு கறுத்து ஓரம் வெளிறினால் அதிகம். பகலில் 85 டிகிரி ஃபாரன்ஹீட் இருந்து இரவில் 65-க்கு இறங்கினால், இவ்வளவு குறைந்த காற்றில் ஏறக்குறைய ஒரு பி.எஸ்.ஐ. தானாகவே குறைந்துவிடும்.

பர்ன்அவுட் அவசியமா? வீடியோவில் புகை மண்டலமே எழுப்புகிறார்கள்.

பர்ன்அவுட் என்பது புறப்படும் முன் சக்கரத்தை நின்ற இடத்திலேயே சுழற்றி டயரைச் சூடாக்குவது. சாலை டயர் என்றால் தண்ணீர் ஊற்றியிருக்கும் இடத்தைச் சுற்றிக்கொண்டு போங்கள். வரிப்பள்ளங்கள் தண்ணீரை அள்ளிக்கொண்டுவந்து தொடக்கக் கோட்டில் கொட்டும். உங்களுக்கும் வழுக்கும், பின்னால் வருபவருக்கும் வழுக்கும். ஒட்டியிருக்கும் மண்ணை உதற ஒரு சிறு சுழற்று போதும்.

டிராக் ரேடியலுக்கு இரண்டு மூன்று நொடி. தண்ணீரில் லேசாக நனைத்து, சற்று முன்னால் வந்து சுழற்றி, மெல்லிய புகை கிளம்பியதும் நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் சூடாக்கினால் ரப்பர் எண்ணெய்ப் பசைபோல் ஆகிவிடும். ஸ்லிக் இன்னும் கொஞ்சம் தாங்கும்.

ரிம்மில் எதற்குத் திருகு அடிக்கிறார்கள்?

இவ்வளவு குறைந்த காற்றில், புறப்படும் விசையில், ரிம் டயருக்குள்ளேயே நழுவும். என் முதல் ஸ்லிக்கில் இதைக் கண்ணால் பார்த்தேன். ரிம்மிலிருந்து டயர் வரை குறுக்கே வெள்ளைச் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுத்திருந்தேன். ஒரே ஓட்டத்தில் ரிம்மில் இருந்த கோடும் டயரில் இருந்த கோடும் இரண்டு விரல்கடை விலகிவிட்டன. டயருக்குள் டியூப் போட்டிருந்தால் அதன் வால்வு பிய்ந்திருக்கும். விளிம்பைச் சுற்றித் திருகு அடிப்பது இதைத் தடுக்கத்தான். மிதமான சக்தியுள்ள காரில், ரேடியல் டயரோடு, பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் கோடு இழுத்துப் பாருங்கள், காசு செலவில்லை.

முன்பக்கம் சைக்கிள் டயர்போல ஒல்லியாகப் போடுகிறார்களே, நானும் போடலாமா?

எடை குறையும், உருளும் தடை குறையும். ஆனால் பிரேக் பிடிப்பதும் காரைத் திருப்புவதும் அந்த முன் டயர்கள்தான். தினமும் நெடுஞ்சாலையில் ஓட்டுகிற காருக்கு வேண்டவே வேண்டாம். தடத்துக்கு மட்டும் மாற்றுவதானாலும், பின்பக்கம் எல்லாம் சரியான பிறகு கடைசியாகச் செய்யுங்கள்.

என்னுடையது ஹோண்டா சிவிக். முன்சக்கரத்தில்தான் சக்தி வருகிறது. இதெல்லாம் எனக்குப் பொருந்துமா?

இடத்தை மட்டும் முன்னுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். புறப்படும்போது எடை பின்னால் சாய்கிறது, உங்கள் முன்சக்கரம் லேசாகிறது. ஆகவே நல்ல டயர் உங்களுக்கு இன்னும் அதிகம் தேவை. 24.5 அங்குல உயரம், 8 அங்குல அகலம் கொண்ட 15 அங்குல ஸ்லிக் இந்த மாதிரிக் காரில் அதிகம் பார்ப்பது. பின் டயரில் காற்றைக் கூட்டிவையுங்கள்.

நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகும் கார் என்றால் நான்கு டயரையும் ஒன்றாகவே மாற்றுங்கள். முன்னும் பின்னும் உயரம் வேறுபட்டால், இரண்டு பக்கத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் நடு டிஃபரன்ஷியல் சூடாகிக் கெட்டுப்போகும்.

டிராக் ரேடியலை வருஷம் முழுக்க ஓட்டலாமா?

கோடையில், காய்ந்த சாலையில், நிதானமாக ஓட்டலாம். சில ஆயிரம் மைலில் தேய்ந்துவிடும் என்று தெரிந்தே வாங்குங்கள். மழையில் அது தண்ணீரின்மேல் மிதக்கும். பெருமழை பிடித்தால் ஓரமாக நிறுத்திக் காத்திருங்கள். உறைகுளிரில் அந்த ரப்பர் விறைத்து விரிசல் விடும். நவம்பருக்குள் கழற்றி வீட்டின் நிலவறையில் வைத்துவிடுவேன். தடத்திலிருந்து கிளம்பும் முன் காற்றை மறுபடி சாலை அளவுக்கு ஏற்றுங்கள். சிகரெட் லைட்டரில் மாட்டும் சிறு பம்பு ஒன்று டிக்கியில் எப்போதும் இருக்கட்டும்.

ஒருவர் பழைய ஸ்லிக் ஒரு ஜோடி பாதி விலைக்குத் தருகிறார். வாங்கலாமா?

தேய்மானத்தைவிட வயதுதான் முக்கியம். டி.ஓ.டி. முத்திரையுள்ள டயரில் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2219 என்றால் 2019-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரம் செய்தது. ஸ்லிக்கில் அந்த முத்திரை இருக்காது. நகத்தை அழுத்திப் பாருங்கள், தடம் பதியவில்லை என்றால் ரப்பர் கட்டிப்போய்விட்டது. பக்கச்சுவரில் மயிரிழை விரிசல் தெரிந்தால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

ரிம் மாற்றிய பிறகு நட்டு மூன்று சுற்றுதான் ஏறுகிறது. போதுமா?

போதாது, ஓட்டாதீர்கள். நட்டு ஏறும் மரைத்தண்டான ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு நீளத்துக்காவது மரை நட்டுக்குள் இறங்கியிருக்க வேண்டும் என்பது அமெரிக்க டிராக் பந்தயச் சங்கமான என்.எச்.ஆர்.ஏ.வின் விதி. அரை அங்குல ஸ்டட் என்றால் அரை அங்குலம். பந்தய ரிம்மின் நடுப்பகுதி தடிமனாக இருக்கும். அதற்கு நீளமான ஸ்டட் அடிக்க வேண்டும். ரிம்மை வெளியே தள்ள இடையில் ஸ்பேசர் என்ற தட்டைச் செருகினால் நிலைமை இன்னும் மோசம். நட்டின் முகம் கூம்பா, தண்டு வைத்ததா என்று ரிம்முக்கு ஏற்றபடி பாருங்கள். தடத்தில் மாற்றியதும், முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் முடுக்கி, முதல் ஓட்டம் முடிந்ததும் மறுபடி ஒருமுறை. என் காருக்கு 85 முதல் 105 அடி-பவுண்டு.

நல்ல டயர் போட்ட மூன்றாவது வாரமே கியர்பாக்ஸ் உடைந்துவிட்டது. டயர்தான் காரணமா?

ஒருவகையில் ஆம். முன்பு டயர் வழுக்கியது, அதனால் அதிர்ச்சி எதுவும் உள்ளே போகவில்லை. இப்போது டயர் விட்டுக்கொடுக்காது. அடுத்து எது பலவீனமோ அது உடைகிறது. பழைய 5 லிட்டர் மஸ்டாங்கில் அது டி-5 கியர்பாக்ஸ், அல்லது பின் ஆக்சில் தண்டு. அந்தத் தண்டை உள்ளே பிடித்திருப்பது ஒரு சிறு வளையம்தான். தண்டு ஒடிந்தால் சக்கரம் தண்டோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். ஸ்லிக் வாங்கும்போதே ஆக்சிலுக்கும் ஒரு தொகையை ஒதுக்குங்கள். ஒதுக்க முடியாத மாதங்களில் கிளட்சைக் குறைந்த சுற்றில் விட்டுப் பழகுங்கள்.

கடைசிக் கோட்டை நெருங்கும்போது காரின் பின்பக்கம் ஆடுகிறது. பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டிய விஷயம்தான். பின்னால் குறுக்கு நூல் ஸ்லிக், முன்னால் சாதாரண ரேடியல் என்று கலந்து போட்டிருக்கிறீர்களா? இரண்டின் பக்கச்சுவரும் வேறு வேறு விதமாக வளைகின்றன. மணிக்கு 100 மைலுக்குமேல் பின்பக்கம் தனியாக நீந்துவதுபோல் இருக்கும். அல்லது 60 அடி நேரத்துக்கு ஆசைப்பட்டுக் காற்றை மிகவும் இறக்கியிருப்பீர்கள்.

ஆட ஆரம்பித்ததும் பெடலிலிருந்து காலை மெதுவாக எடுங்கள். பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பாதீர்கள். அடுத்த ஓட்டத்துக்கு முன் பின் டயரில் 2 பி.எஸ்.ஐ. ஏற்றுங்கள். அப்போதும் ஆடினால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு, சாலை டயரை மாட்டி வீட்டுக்குக் கிளம்புங்கள். அடுத்த வாரம் பின்பக்கமும் ரேடியலுக்கு மாறிய பிறகு ஓட்டலாம்.